வீடியோ காலில் டாக்டர்: புகை எவ்வளவு மிச்சம்?

டாக்டரை நேரில் பார்க்காமல் வீடியோ காலில் பேசி முடித்துவிட்டால் நேரமும் பஸ் காசும் மிச்சம். இது எல்லோருக்கும் தெரியும். அதோடு காற்றில் கலக்கும் புகையும் குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, எப்போது குறையாமல் போகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பின்னணி. மருத்துவமும் புகை விடும் தொழில்தான் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். 'ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்' என்ற அமைப்பும் 'அரூப்' நிறுவனமும் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, உலகம் வெளியிடும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் (இந்தக் கட்டுரையில் 'புகை' என்பது இதைத்தான்) சுமார் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருவதாகச் சொன்னது. மருத்துவத் துறையை ஒரு நாடாக எண்ணினால், அதிகம் புகை விடும் நாடுகளின் வரிசையில் அது ஐந்தாவதாக நிற்கும். இதில் பெரும்பங்கு மருந்து, ஊசி, கையுறை, கருவி என்று மருத்துவமனை வாங்கும் பொருள்களைத் தயாரிப்பதில் போகிறது. மின்சாரம், ஏ.சி., மயக்க வாயு எல்லாம் தனி. நோயாளிகள் வந்துபோகும் பயணமும் இதில் சேரும். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். போட்ட கணக்குப்படி, அந்த நாட்டுச் சாலைப் போக்குவரத்தில் சுமார் 3.5 சதவீதம் அந்தச் சேவையோடு தொடர்புடையது. நோயாளி, பார்க்க வருபவர், ஊழியர், சரக்கு வண்டி எல்லாம் சேர்த்துத்தான் இது.

வீடியோ ஆலோசனை தொடுவது இந்தப் பயணப் பகுதியை மட்டும்தான். அறுவை சிகிச்சையின் புகையையோ மருந்துத் தொழிற்சாலையின் புகையையோ அது குறைக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் எண்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் டீசல் என்றால் 2.7 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் விடுகிறது. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பைக் 46 கிராம். பஸ் லிட்டருக்கு 5 கி.மீ. ஓடுகிறது, உள்ளே 45 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12 கிராம்தான் வருகிறது.

தேனியிலிருந்து மதுரைக்கு ஒரு செக்கப்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 75 கி.மீ., போய்வர 150. காரில் போனால் 10 லிட்டர் பெட்ரோல், அதாவது 23 கிலோ கரியமில வாயு. பஸ்ஸில் நோயாளியும் துணைக்கு ஒருவரும் போனால், இரண்டு பேருக்கும் சேர்த்து 3.6 கிலோ. நம் ஊரில் துணைக்கு ஆள் இல்லாமல் யாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்பதால், பொதுப் போக்குவரத்துக் கணக்கை எப்போதும் இரண்டால் பெருக்கிவிடுவது நல்லது.

இனி வீடியோ காலின் பக்கம். வீடியோவை ஒரு மணி நேரம் இணையத்தில் பார்ப்பதற்கு, தரவு மையம், நெட்வொர்க், கையில் இருக்கும் கருவி எல்லாம் சேர்த்து சுமார் 0.077 யூனிட் மின்சாரம் ஆகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2020-இல் மதிப்பிட்டது. இந்திய மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. அப்படியானால் மணிக்கு 54 கிராம். வீடியோ காலில் இரண்டு முனை இருக்கிறது, அதனால் இரட்டிப்பாக்குவோம். அரை மணி நேரம் பேசினால் 50 கிராம் சொச்சம். செல்போனைத் தயாரிக்கும்போது வந்த புகையையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்கலாம். சேர்க்கலாம். ஒரு ஸ்மார்ட்போன் செய்ய 60 கிலோ என்று வைத்து, அதை மூன்று வருடம் தினமும் நாலு மணி நேரம் பயன்படுத்தினால், அந்த அரை மணி நேரத்தின் பங்கு 7 கிராம்கூட வராது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் போன் என்பதால்தான் இது இவ்வளவு குறைவு.

ஒரு பக்கம் 50, 60 கிராம். இன்னொரு பக்கம் காரில் 23,000 கிராம், பஸ்ஸில் 3,600 கிராம். பைக்கில் ஒன்றேகால் கிலோமீட்டர் ஓட்டினாலே அரை மணி நேர வீடியோ காலின் புகை வந்துவிடுகிறது. ஆகவே 'இணையமும் புகை விடுகிறதே' என்ற கவலை நியாயமானது என்றாலும், இந்த விஷயத்தில் அது சில்லறைக் காசுதான்.

இதே முடிவுக்கு ஆய்வுகளும் வந்திருக்கின்றன. ஸ்வீடனின் வடபகுதியில், ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருக்கும் உமேயோ வட்டாரத்தில், மறுவாழ்வுச் சிகிச்சை சார்ந்த சந்திப்புகளை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நேரில் வருவதை வீடியோவாக மாற்றியபோது கார்பன் வெளியீடு 40 முதல் 70 மடங்கு வரை குறைந்ததாக அது காட்டியது. கருவிகளைத் தயாரிக்கும் கணக்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: காரில் வருவதாக இருந்தால், சில கிலோமீட்டர் தூரத்துக்கு மேல் வீடியோதான் சூழலுக்கு நல்லது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை 1996 முதல் 2013 வரை நடத்திய 19,246 தொலைமருத்துவ ஆலோசனைகளை ஆராய்ந்தபோது, மிச்சமான கரியமில வாயு 1,969 டன் என்று வந்தது. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆலோசனைக்கு ஏறக்குறைய 100 கிலோ, 450 கி.மீ. பயணம்.

ஆனால் 2021-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு இப்படிப்பட்ட 14 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஓர் ஆலோசனைக்கு மிச்சமாகும் அளவு 0.7 கிலோவிலிருந்து 372 கிலோ வரை பரவிக் கிடந்தது. வித்தியாசம் ஐந்நூறு மடங்கு! செல்போனும் வீடியோவும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மாறுவது தூரமும் வண்டியும். அதனால் 'தொலைமருத்துவம் இத்தனை கிலோ மிச்சப்படுத்துகிறது' என்று ஒற்றை எண்ணை யாராவது சொன்னால், எந்த ஊரில், எந்த வண்டியில் என்று உடனே கேட்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு இங்கேதான் வேறாகிறது. அமெரிக்க ஆய்வுகளில் நோயாளி கார்காரர். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே வருபவர்கள் நிறைய. டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் வரும் பெண்கள் நிறைய. அந்த பஸ் அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடப்போகிறது. பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு நடந்துபோகும் ஒருவரிடம் 'சுற்றுச்சூழலுக்காக வீடியோவில் பேசுங்கள்' என்று சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை. மிச்சம் பூஜ்யம், சில நேரம் அதற்கும் கீழே.

பெரிய மிச்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேலூருக்குப் போகலாம். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மொழிப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் ஏறக்குறைய 1,800 கி.மீ. ரயிலில் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 10 கிராம் என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு பேர் வந்துபோக 70 கிலோவைத் தாண்டும். சென்னை வரை விமானத்தில் வந்தால் இதுபோல் ஐந்து மடங்குக்குக் குறையாது. அப்புறம் லாட்ஜில் நாள்கணக்கில் தங்க வேண்டும். முதல்முறை வரும்போது இதைத் தவிர்க்க முடியாது. கையால் தொட்டுப் பார்த்து, பரிசோதனை எல்லாம் செய்துதான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து 'ரிவ்யூ'வுக்கு வருகிறார்களே, அதில் ஒரு பகுதி ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதுதான். அந்த ரத்தத்தை மேற்கு வங்கத்து மால்டாவிலோ ஜார்க்கண்டின் தன்பாத்திலோ எடுக்கலாம். முடிவை அனுப்பிவிட்டு வீடியோவில் பேசலாம். அந்த ஒரு ரிவ்யூவில் மிச்சமாவது, பக்கத்துத் தெருக்காரர் வருடம் முழுவதும் வீடியோவில் பேசினாலும் மிச்சமாகாது. எனக்குக் கையில் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு என்றால், நான் முதலில் கை வைப்பது இந்தத் தொலைதூர ரிவ்யூவில்தான்.

வீடியோவா நேரிலா என்று இரண்டே வழிகள் இருப்பதுபோல் பேசுகிறோம். நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது நம் மண்ணிலேயே நன்றாக வேலை செய்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் 'பார்வை மையங்கள்' நடத்துகிறது. இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அங்கே போனால் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் எழுத்துப் பலகையை வைத்துப் பார்வையைச் சோதிப்பார். தாடையை ஒரு பீடத்தில் வைக்கச் சொல்லி, ஸ்லிட் லேம்ப் என்ற ஒளிக்கருவியால் கண்ணுக்குள் பார்ப்பார், கண் அழுத்தம் எடுப்பார். எல்லாம் பதிவானதும் பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் வந்து நோயாளியிடமே பேசுவார். பெரும்பாலானோருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் மதுரைக்கோ தேனிக்கோ போகிறார். 2006 வாக்கில், கிராமங்களில் நல்ல இணையமே இல்லாத காலத்தில், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி வட்டாரத்தில் நீண்டதூர வைஃபை அமைத்து இந்த மையங்களை இணைத்துக் கொடுத்தார்கள். கண்ணை செல்போன் கேமராவில் காட்டி வைத்தியம் பார்க்க முடியாது. கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் நோயாளியின் பக்கம் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் இரண்டும் இருக்கின்றன, டாக்டர் மட்டும்தான் தூரத்தில்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனியும் ஒரு வகையில் இப்படித்தான். 2019 நவம்பரில் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. நோயாளி தானே வீட்டிலிருந்து அழைப்பது ஒரு முறை. கிராமத்துச் சுகாதார மையத்துக்கு நடந்துபோய், அங்கிருக்கும் சுகாதாரப் பணியாளர் மூலம் டாக்டரிடம் பேசுவது இன்னொரு முறை. வயதானவர்களுக்கும் ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கும் இரண்டாவதுதான் பயன்படும்.

அரவிந்தைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு கண்புரை அறுவை சிகிச்சைக்கு ஆகும் கார்பன் வெளியீடு சுமார் 6 கிலோ என்று 2017-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிரிட்டனில் ஆவதில் இது 5 சதவீதம்தான். கருவிகளைத் தூக்கி எறியாமல் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்துவது, ஒரு நோயாளிக்குச் செய்து முடிக்கும்போதே அடுத்தவரைத் தயார் செய்து வைப்பது போன்ற நடைமுறைகள்தான் காரணம். தேனியிலிருந்து காரில் ஒரு செக்கப்புக்குப் போய்வரும் 23 கிலோவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்கனமாக நடக்கும் ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சையைவிட அதற்கு வந்துபோகும் பயணமே கூடுதலாகப் புகை விடும் நிலை வந்துவிடுகிறது.

இதுவரை வீடியோவின் பக்கமே பேசினேன். எதிர்ப்பக்கத்துக் கணக்கும் கொஞ்சம் ஆழமாகவே பார்க்க வேண்டியது.

வீடியோவில் பேசிவிட்டு, 'எதற்கும் நேரில் வந்துவிடுங்கள்' என்று டாக்டர் சொன்னால் பயணமும் நடக்கிறது, காலும் நடந்துவிட்டது. தேனி உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் காரில் போனால் 230 கிலோ. பத்துப் பேரும் வீடியோவில் பேசி, அவர்களில் மூன்று பேர் நேரில் வர நேர்ந்தால் 70 கிலோ. அப்போதும் 160 கிலோ மிச்சம். இந்த இரட்டை வேலையால் பெரிய நஷ்டம் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்க முடியாத டாக்டர், சந்தேகத்தைத் தீர்க்க ஒரு ஸ்கேன் எழுதிவிடலாம். ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளின்படி ஒரு சி.டி. ஸ்கேனுக்கு 9.2 கிலோ, எம்.ஆர்.ஐ.க்கு 17.5 கிலோ கார்பன் வெளியீடு ஆகிறது. அல்ட்ராசவுண்டுக்கு அரை கிலோதான். முழு ரத்த அணுப் பரிசோதனைக்கு வெறும் 116 கிராம். மேலே சொன்ன பத்துப் பேரும் காரில் போகிறவர்கள் அல்ல, பஸ்ஸில் போகிறவர்கள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நேரில் போனால் மொத்தம் 36 கிலோ. வீடியோவில் பேசி மூன்று பேர் மட்டும் போனால் 11 கிலோ. மிச்சம் 25. நேரில் பார்த்திருந்தால் தேவைப்பட்டிருக்காத சி.டி. ஸ்கேன் மூன்று பேருக்கு எழுதப்பட்டால் ஏறக்குறைய 28 கிலோ. மிச்சமெல்லாம் போய், கையிலிருந்தும் கொஞ்சம் போகிறது. பஸ்ஸிலும் நடந்தும் வரும் மக்கள் அதிகம் உள்ள ஊரில், தேவையில்லாத ஒரு ஸ்கேனைத் தவிர்ப்பது பல வீடியோ கால்களுக்குச் சமம். இந்தப் பகுதியைச் சூழல் ஆர்வலர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மருந்தும் இப்படித்தான். 'பாக்டீரியாவா வைரஸா தெரியவில்லை, ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்ளுங்கள்' என்று போனில் சொல்வது சுலபம். அதன் கெடுதல் கார்பனோடு நிற்பதில்லை.

பயணத்தைக் குறைக்க வீடியோகூட வேண்டாம் என்பதற்கும் தமிழ்நாட்டில் உதாரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்குத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டிலேயே நடக்கின்றன. இது சூழலுக்காகக் கொண்டுவந்த திட்டம் இல்லை. ஆனால் ஒரே ஊரில் உள்ள இருபது பேர் தனித்தனியாக மாத்திரைக்குப் போவதற்குப் பதில் ஒருவர் தெருத்தெருவாக வந்தால், புகைக் கணக்கு தானாகவே குறைகிறது. வாட்ஸ்அப்பில் சீட்டை அனுப்பினால் பத்து நிமிடத்தில் பைக்கில் மாத்திரை கொண்டுவரும் நகரத்துச் சேவை இதற்கு நேர் எதிர். ஆளுக்கொரு பைக், ஆளுக்கொரு பயணம்.

எதை வீடியோவில் பார்க்கக் கூடாது என்பதில் சூழல் கணக்கே வேண்டாம். நெஞ்சு வலி, முகம் கோணுவது, மூச்சுத் திணறல் என்றால் 108-தான். மார்பில் கட்டி, புதிதாக வந்த வயிற்று வலி, சர்க்கரை நோயாளியின் காலில் புண், கர்ப்பகாலப் பரிசோதனை, பாலருந்தாத குழந்தையின் காய்ச்சல், இவையெல்லாம் கை வைத்துப் பார்க்க வேண்டியவை. தாமதமாகக் கண்டுபிடித்த நோய்க்கு ஐ.சி.யு.வில் ஒரு வாரம் கிடந்தால் ஆகும் புகைக்கு முன்னால், மிச்சம் பிடித்த பெட்ரோல் ஒன்றுமே இல்லை. உயிரின் கணக்கு அதற்கும் மேல்.

வீடியோவுக்கு மாற்றக்கூடியவை வேறு: ரத்தப் பரிசோதனை முடிவை விளக்குவது, நிலையாக இருக்கும் தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து தொடர்வது, மனநல ஆலோசனையின் தொடர் அமர்வுகள், அறுவை சிகிச்சைக்கு முந்தைய விளக்கங்கள். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் இதற்குச் சட்டபூர்வமான இடம் தந்துவிட்டன. முன்பே நேரில் பார்த்த நோயாளிக்கு அதே நோய்க்கான தொடர் சிகிச்சை என்றால் டாக்டருக்குக் கூடுதல் மருந்துகள் எழுத அனுமதி உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுத முடியாது. எந்த நேரத்திலும் 'இது நேரில் பார்க்க வேண்டியது' என்று டாக்டர் சொல்லலாம், அந்த உரிமை அவருக்கு இருக்கிறது.

நேரில்தான் போக வேண்டும் என்றாலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கண், இதயம், சிறுநீரகம் என்று மூன்று துறைகளுக்கு மூன்று நாள் போகாமல் ஒரே நாளில் சேர்த்துக் கேட்டு வாங்கலாம். பழைய ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் தவறாமல் எடுத்துப்போனால் அதையே மறுபடி எடுக்கச் சொல்வது குறையும். மருத்துவமனைகள் செய்யக்கூடியது இதைவிடப் பெரிது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ரிவ்யூ 15 நாள் கழித்து' என்று மட்டும் எழுதாமல், தையல் பிரிக்க நேரில் வர வேண்டும், அதற்கடுத்த ரிவ்யூ ரத்த முடிவோடு போனில் போதும், ஆறாவது மாதம் மறுபடி நேரில் என்று பிரித்து எழுதித் தரலாம். வேலூரில் லாட்ஜைக் காலி செய்யும் அன்றே, காட்பாடிக்கு அடுத்த டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போடுவது என்று துணைக்கு வந்தவருக்குத் தெரிந்துவிடும்.